காரைநகரைத் தேடிய அச்சுப்பொறி

கடந்த போயா தினத்தன்று மாலை நான்கு மணி தொடக்கம் இரவு ஒன்பது மணி வரை, கொள்ளுப்பிட்டியில் எங்கள் தொடர்மாடி வீட்டில் ஓர் அச்சுப்பொறியுடன் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். இதே நோய் கண்ட அச்சுப்பொறிகள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பல வீடுகளின் மூலைகளில் தூசி படிந்து கிடப்பதை நான் அறிவேன் என்பது ஒன்று. அன்று அச்சிட வேண்டியிருந்த பக்கங்கள் சாதாரணமானவை அல்ல என்பது மற்றையது.

பத்திரிகையில் என்னோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் அதற்கு முந்திய மாதம் கொட்டாஞ்சேனையில் காலமானார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கான கல்வெட்டை ஒருமுறை பார்த்துத் தரும்படி அவருடைய மகன் கேட்டிருந்தார். தமிழக அன்பர்களுக்காக ஒரு வார்த்தை: கல்வெட்டு என்றதும் பாறையில் பொறித்த சாசனத்தை எண்ண வேண்டாம். மறைந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள், உறவினர் பட்டியல், நன்றி நவிலல் ஆகியவற்றைச் சேர்த்து முப்பத்தோராம் நாளில் வந்தோருக்கு வழங்கும் சிறு நூலுக்கு ஈழத்தில் அதுதான் பெயர். பதினாறு பக்கங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அச்சகம் திறக்கும்போது திருத்தங்கள் அங்கே இருக்க வேண்டும்.

மறைந்தவர் ஈய எழுத்துக் காலத்து மனிதர். எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் அடுக்கி, அப்படியே வாசித்துப் பிழை சொல்லுவார். ஒப்புநோக்காளரின் கண்ணுக்குத் தப்பியது அவருடைய விரலுக்குத் தப்பாது. ஆசிரியத் தலையங்கத்தில் ஒரு கால் விழுந்தாலும் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார். மரண அறிவித்தல் என்றால் மட்டும் மூன்று தரம் பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "செய்தியில பிழை விட்டால் நாளைக்குத் திருத்தம் போடலாம், ஐயா. செத்த வீட்டுக்காரருக்கு நாளைக்கு என்ன திருத்தம் போடுறது?" என்றார். அப்படிப்பட்டவருடைய கல்வெட்டில் பிழை வந்தால் எந்த முகத்தோடு நான் அந்த வீட்டுப் படியேறுவது?

கணினித் திரையில் இரண்டு தரம் வாசித்தேன். நான்கு பிழைகள் அகப்பட்டன. எனக்குத் திருப்தி இல்லை. காகிதத்தை மேசையில் விரித்து, வரிக்கு வரி அடிமட்டத்தை நகர்த்தி, சிவப்புப் பேனையால் குறியிட்டால்தான் எனக்குப் பார்த்த மாதிரி. இதைக் கிழவனின் பிடிவாதம் என்று இளைய பத்திரிகையாளர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

அச்சிடும் கட்டளையைக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மீண்டும் கொடுத்தேன். "இணைப்பில் இல்லை" என்றது கணினி. அப்போதுதான் நினைவு வந்தது: இரண்டு வாரங்களுக்கு முன்னர் பழைய செப்புக் கம்பி இணைப்பை மாற்றி, ஒளியிழை இணைப்பு எடுத்திருந்தோம். பொருத்த வந்த தம்பி புதிய ரவுட்டரை வைத்து, எங்கள் கைத்தொலைபேசிகளையும் கணினியையும் இணைத்துவிட்டு, வலையமைப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டில் எழ்திச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அச்சுப்பொறியை அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

கம்பியால் நேரே கணினியோடு இணைத்திருக்கலாமே என்பீர்கள். அந்தக் கம்பி இனித் தேவைப்படாது என்று பழைய சாமான்காரருக்குக் கொடுத்தவன் நானேதான். கடையில் அச்சிடலாமே என்றால், காலி வீதியில் நாங்கள் வழமையாகப் போகும் பிரதியெடுக்கும் கடை போயா தினத்தில் திறப்பதில்லை. "திரையில பாத்தது காணாதோ?" என்றார் மனைவி. காணாது என்றேன்.

அச்சுப்பொறிகளுக்கும் எனக்கும் பழைய கணக்கு உண்டு. கணினிக்கு மாறிய ஆரம்ப காலத்தில் பாமினி எழுத்துருவில் ஒரு கட்டுரையைத் தட்டச்சுச் செய்து வேறிடத்திற்கு அனுப்பினால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த ஒரு கூளம் அச்சாகி வரும். அன்று அச்சுப்பொறிக்குக் கம்பி இருந்தது, தமிழ் தெரியவில்லை. ஒருங்குறி பரவிய பின் தமிழ் தெரிகிறது. கம்பியைத்தான் காணவில்லை.

அச்சுப்பொறி மீது கோபம் கொண்ட மனிதன் நான் மட்டுமல்லன். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றுக்கு ஸெரொக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கும். முன்பிருந்த இயந்திரத்தில், காகிதம் சிக்கினால் அச்சுக்காகக் காத்திருப்போருக்குத் தகவல் போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டோல்மன். புதியதன் மூல நிரலை அவருக்குத் தர மறுத்துவிட்டார்கள். அவரைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை நோக்கித் தள்ளிய சம்பவங்களுள் அதுவும் ஒன்று. அவர் தமது குனு திட்டத்தை அறிவித்தது 1983 செப்டெம்பரில். அந்தச் செப்டெம்பரில் கொழும்புத் தமிழர்களாகிய எங்களுக்கு வேறு கவலைகள் இருந்தன.

ஆறு மணிக்குப் பேத்தியை அழைத்தேன். ரொறன்ரோவில் காலை எட்டரை. அன்று அவள் வீட்டிலிருந்தே பணிபுரியும் நாள்.

"அம்மப்பா, முதல்ல அதிட்ட கேளுங்கோ, அது எந்த வலையைத் தேடுது எண்டு," என்றாள்.

அச்சுப்பொறியிடம் எப்படிக் கேட்பது? அதற்கும் வழி இருக்கிறது. முகப்பிலுள்ள பொத்தானொன்றைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அது தன் நிலைமையைத் தானே ஒரு தாளில் அச்சிட்டுத் தருகிறது. எந்தப் பொத்தான் என்பது ஒவ்வொரு மாதிரிக்கும் வேறுபடும், கைநூலில் இருக்கும். கணினியின் கட்டளைக்கு அசையாத இயந்திரம், தன் வருத்தத்தை மட்டும் அழகாக அச்சிட்டுத் தந்தது. அதில் வலையமைப்பின் பெயர் என்ற இடத்தில் இருந்தது: காரைநகர். நிலை: இணைப்பு இல்லை.

2016இல் அச்சுப்பொறியை வாங்கியபோது, பழைய ரவுட்டருக்கு என் பிறந்த ஊரின் பெயரை நானே சூட்டியிருந்தேன். மறந்தே போயிருந்தது. இரண்டு வாரங்களாக இந்தப் பெட்டி கொள்ளுப்பிட்டியில் இருந்துகொண்டு காரைநகரைத் தேடியிருக்கிறது.

புதிய பெயரைச் சொல்லிக் கொடுத்தால் போகிறது என்று அதன் சிறு திரையில் அருகிலுள்ள வலைகளின் பட்டியலை எடுத்தேன். எங்கள் கட்டடம் முழுவதும் அதில் இருந்தது. தொழிற்சாலை வைத்த எண்களும் எழுத்துகளும் கலந்த பெயர்கள் பல. ஒருவர் தமது நாயின் பெயரை வைத்திருக்கிறார். சுவரில் ஒட்டிய பெயரை மட்டும் காணவில்லை. கைத்தொலைபேசியில் அதே பெயர் முழுப் பலத்தோடு தெரிகிறது. இரண்டும் ஒரே மேசையில், ஒரு சாண் இடைவெளியில்.

இந்த இடத்தில்தான் பலர் அச்சுப்பொறி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். நானும் கட்டினேன். துண்டில் எழுதிய பெயரை அப்படியே வாசிக்கச் சொன்னாள் பேத்தி. கடைசியில் ஐந்து என்ற எண்ணும் ஜீ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. அவள் சிரித்துவிட்டாள்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். முன்னது மெதுவானது, ஆனால் சுவர்களைத் தாண்டி எட்டப் போகும். பின்னது வேகமானது, எட்டம் குறைவு. படம் பார்ப்பதற்கு வேகம் வேண்டும். ஒரு பக்கத்தை அச்சிட அவ்வளவு வேகம் எதற்கு? ஆகவே விலை குறைந்த வீட்டு அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு 2.4ஐக் கேட்கும் காது மட்டுமே இருக்கிறது. பொருத்த வந்த தம்பி, வேகமானதே நல்லது என்று ஐந்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார். மற்றப் பெயர் தொழிற்சாலை வைத்தபடியே இருந்தது. பட்டியலில் அதைக் கண்டிருந்தேன். என் வீட்டு வலையையே அயலவருடையது என்று தள்ளிவிட்டிருந்தேன்.

பட்டியலில் விருந்தினர் வலை என்றும் ஒன்று இருந்தது. அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். அதில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தடுத்தாள். விருந்தினர் வலையில் சேர்ந்த கருவி இணையத்துக்குப் போகலாம், வீட்டிலுள்ள மற்றக் கருவிகளோடு பேச வழமையாக அனுமதி கிடையாது. அச்சுப்பொறி இணைந்துவிட்டது என்று காட்டும், கணினிக்கோ அது தெரியாது. வாசலில் கதிரை போட்டு இருத்திவிட்டு உள்ளே விடாத மாதிரி.

பிறகு அவள் சொன்ன வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "பெட்டிக்குப் புதுப் பேரைப் படிப்பிக்க வேண்டாம், அம்மப்பா. ரவுட்டருக்குப் பழைய பேரை வையுங்கோ."

கணினியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தோம். அதற்கான எண் முகவரியும் நுழைவதற்குரிய சொல்லும் ரவுட்டரின் அடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். 2.4 வலையின் பெயரைக் காரைநகர் என்று மாற்றி, பழைய கடவுச்சொல்லையே கொடுத்தேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு ஓர் இம்மியும் பிசகக் கூடாது. பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 ஆக இருக்க வேண்டும் என்றாள். 2018இல் வந்த மூன்றாவது முறையை மட்டும் வைத்தால், அதற்கு முன் செய்த என் அச்சுப்பொறிக்கு அது விளங்காதாம். சேமித்தேன். ரவுட்டர் விளக்குகள் அணைந்து எரிந்தன. இரண்டு நிமிடம் சென்றிருக்கும். இரண்டு வாரமாக மின்னிக்கொண்டிருந்த அச்சுப்பொறியின் நீல விளக்கு நிலையாக நின்றது. நான் அதைத் தொடவே இல்லை.

அப்போதும் கணினி, "இணைப்பில் இல்லை" என்றே சாதித்தது. பழைய ரவுட்டர் அச்சுப்பொறிக்குக் கொடுத்திருந்த எண் முகவரிக்கே அது இன்னும் கடிதம் போட்டுக்கொண்டிருந்ததாம். நிலைமைத் தாளை மறுபடி எடுத்து, புதிய முகவரியைப் பார்த்து, கணினியின் அச்சுப்பொறி அமைப்பில் பழைய எண்ணை அழித்துப் புதியதை இட்டேன். இனி மாறாதபடி அந்த எண்ணை அச்சுப்பொறிக்கென்றே ரவுட்டரில் ஒதுக்கி வைக்கவும் சொன்னாள். அதையும் செய்தேன்.

சரி என்பதை அழுத்திய கணமே இயந்திரம் உறுமிக்கொண்டு அச்சிடத் தொடங்கியது. மாலை முழுவதும் நான் ஆத்திரத்தில் கொடுத்த கட்டளைகள் ஒன்றுகூடத் தொலையாமல் வரிசையில் காத்திருந்திருக்கின்றன. முதற்பக்கம், பிள்ளையார் சுழியும் மறைந்தவரின் படமுமாக, மூன்றாம் முறையும் வரத் தொடங்கியபோது ஓடிப்போய் மீதியை இரத்துச் செய்தேன். காகிதம் வீணாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நின்றதையும், மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதையும் கண்ட பின், ஒரு தாளின் வெற்றுப் பக்கமும் எனக்குப் பெறுமதியானது.

ஒன்பது மணிக்குப் பதினாறு பக்கங்களும் மேசைக்கு வந்தன. அடிமட்டத்தை எடுத்தேன். வாழ்க்கைக் குறிப்பில் ஓர் ஒற்று, நன்றி நவிலலில் ஒரு சொல் இருமுறை. பத்தாம் பக்கத்தையும் பதினோராம் பக்கத்தையும் அருகருகே வைத்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

பத்தாம் பக்கத்தின் கடைசி வரி, "காலஞ்சென்றவர்களான" என்று முடிந்திருந்தது. அடுத்த பக்கம் சகோதரர்களின் பெயர்களோடு ஆரம்பமானது. மூவரில் இருவர் காலஞ்சென்றவர்கள்தாம். மூன்றாமவர், கடைசித் தம்பி, மட்டக்களப்பில் நலமாக இருக்கிறார். பக்கம் பிரித்தபோதோ பெயர்களை ஒழுங்குபடுத்தியபோதோ அவருடைய பெயர் இரண்டு இறந்தவர்களின் நடுவே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு பெயர் ஓர் இடம் தள்ளியதில் உயிரோடிருந்தவர் இல்லாமற் போனார். திரையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் பார்த்தேன். அடுத்த பக்கத்துக்கு நகரும்போது அந்தச் சொல் மனதை விட்டு நழுவியிருக்கிறது. எழுத்துப்பிழை எதுவும் இல்லாததால் கண் எங்கும் தடக்கவும் இல்லை.

சிவப்பால் வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு, படம் பிடித்து மகனுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சித்தப்பா நாளண்டைக்கு வாறார், மாமா," என்றார்.

முப்பத்தோராம் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். மட்டக்களப்பிலிருந்து வந்த தம்பியார் முன்வரிசையில் இருந்தார். கல்வெட்டைக் கையில் வாங்கியதும், எல்லோரும் செய்வதைப் போலவே, படத்தைப் பார்த்துவிட்டு நேரே பின்பக்கங்களுக்குப் போய்த் தமது பெயரைத் தேடினார்.