எங்கள் வின்சென்ட் மாமா

ஒரு நாளும் நேரில் கண்டிராத ஒருவரின் மறைவு நம் உள்ளத்தைத் தொடுமா? தொடும் என்பதை இவ்வாண்டு எங்கள் வரலாற்று மன்றத்தில் நாங்கள் கண்டுகொண்டோம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 2014 ஆம் ஆண்டு மே 19 அன்று, தமது 82 ஆம் வயதில் திடீரென மறைந்த போதகர் வின்சென்ட் ஹார்டிங் அவர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். இரத்தக் குழாயில் உண்டான வீக்கம் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. அதுவரை ஓயாமல் இளைஞரோடு பேசிக்கொண்டிருந்தவர். பட்டங்கள் பல பெற்ற பேராசிரியராயினும் பழகியவர்களுக்கெல்லாம் அவர் 'வின்சென்ட் மாமா'தான். நாங்களும் அவ்வாறே அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

அவர் மெனோனைட் சபையைச் சேர்ந்த போதகர் என்று வரலாற்றுச் சகோதரி சொன்னபோது எங்களில் பலர் விழித்தோம். அப்படியும் ஒரு சபையா? ஆம், 16 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய சிறிய சபை அது. நெதர்லாந்தில் கத்தோலிக்கக் குருவாயிருந்து 1536 இல் விலகிச் சென்ற மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரால் வழங்குகிறது. ஆயுதம் ஏந்துவதில்லை, பகைவனையும் கொல்வதில்லை என்பது அவர்களது உறுதி. அப்படிப்பட்டவர்களை அந்நாளில் தீயிலிட்டும் நீரில் அமிழ்த்தியும் கொன்றார்கள். கொன்றவர்களில் கத்தோலிக்க ஆட்சியாளரும் உண்டு, பிற சபை ஆட்சியாளரும் உண்டு. சகோதரி இதை எங்களிடம் மறைக்கவில்லை. 1998 முதல் 2003 வரை நம் திருச்சபையின் சார்பாளரும் அவர்களும் ஒன்றாக அமர்ந்து, பழைய காயங்களைப் பற்றி மனம் திறந்து பேசியதையும் சேர்த்தே சொன்னார்கள்.

வின்சென்ட் மாமா 1931 இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பிறந்தார். கறுப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த பகுதி அது. கட்டாய இராணுவச் சேவையில் இருந்த நாட்களில்தான், கிறிஸ்துவின் சீடன் துப்பாக்கி ஏந்தலாமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. பின்பு சிக்காகோவுக்கு வரலாறு படிக்க வந்தவர், வெள்ளையரும் கறுப்பரும் அருகருகே அமர்ந்து வழிபட்ட ஒரு சிறு மெனோனைட் ஆலயத்தில் போதகர்களுள் ஒருவரானார்.

1958 இல் நடந்ததைக் கேளுங்கள். அச்சபையைச் சேர்ந்த ஐவர், மூவர் வெள்ளையர், இருவர் கறுப்பர், ஒரே காரில் தென் மாநிலங்களுக்குப் புறப்பட்டனர். நாம் உண்மையாகவே சகோதரர்கள் என்றால் அங்கேயும் சகோதரர்களாய்ப் போய் வருவோமே என்பது அவர்கள் எண்ணம். கறுப்பனும் வெள்ளையனும் ஒரே மேசையில் உண்ண முடியாத ஊர்கள் அவை! வழியில் மாண்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குச் சென்றனர். செப்டம்பரில் கத்திக்குத்துப்பட்ட அவர் அப்போதுதான் தேறி வந்துகொண்டிருந்தார். அமைதியைப் போற்றும் சபையினராகிய நீங்கள் இங்கே வந்து எங்களுக்குத் துணை செய்யலாகாதா என்று கிங் கேட்டாராம். (அதற்குச் சில மாதங்கள் கழித்து, 1959 இல், கிங் நம் நாட்டுக்கு வந்தார், கன்னியாகுமரியையும் கண்டார்.)

அந்தக் கேள்வியை மாமா மறக்கவில்லை. 1961 இல் மனைவி ரோஸ்மேரியுடன் அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்து 'மெனோனைட் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். இரு நிறத்தவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடு அது. அறப்போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1967 ஏப்ரல் 4 அன்று கிங் வியட்நாம் போரைக் கண்டித்து நியூயார்க்கில் ஆற்றிய புகழ்பெற்ற உரையின் முதல் வரைவை எழுதியவர் இவரே. பெரிய நாளேடுகள் கிங்கைத் திட்டித் தீர்த்தன. சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 4 இல், கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தம் சபையாரையும் மாமா விட்டுவைக்கவில்லை. கொல்ல மாட்டேன் என்று ஒதுங்கி நிற்பது மட்டும் அமைதியாகுமா, அடிபடுகிறவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டாமா என்று 1967 இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அவர்களது உலக மாநாட்டிலேயே கேட்டார். கேட்டவர்களுக்குக் கசந்திருக்கும். எங்களுக்கோ, அவர் வாழ்வில் மிகத் துணிவான செயல் இதுவே என்று தோன்றுகிறது. அந்நியரைக் கண்டிப்பது எளிது, வீட்டாரைக் கண்டிப்பதல்லவா கடினம்!

பிற்காலத்தில் டென்வர் நகர இறையியல் கல்லூரியில் பல்லாண்டுகள் கற்பித்தார். கூட்டம் எதுவானாலும் எல்லோரையும் வட்டமாக அமரச் செய்வார். உன் பெயர் என்ன, எந்த ஊர், உன் தாயைப் பெற்ற பாட்டி யார் என்று ஒவ்வொருவரையும் கேட்பார். அதன் பிறகே பேச்சு.

நாங்களும் செய்து பார்ப்போமே என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை 34 பேர் வட்டமாக உட்கார்ந்தோம். முதல் நாள் பாட்டியின் பெயர் சொல்ல எழுந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தாம். மற்றவர்களுக்கு அவர் 'அம்மாச்சி' மட்டுமே. வீட்டில் கேட்டு வந்து அடுத்த வாரம் சொன்னோம். ஒரு பாட்டி உப்பளத்தில் வேலை செய்தவர். ஒருவர் பீடி சுற்றியே நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். ஒருவர் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, தம்பிகளைப் படிக்க வைத்தவர்.

இரண்டு தோழியர், ஒரே பெஞ்சில் அமர்பவர்கள், அடுத்தடுத்துப் பேசினார்கள். இருவர் பாட்டியும் ஒரே பங்கு. ஆனால் அந்த ஆலயத்தில் அந்நாளில் சாதிக்கு ஒரு பக்கம். ஒருவர் வலப்புறம் முழங்காலிட்டவர், மற்றவர் இடப்புறத்தை விட்டு நகர அனுமதிக்கப்படாதவர். வட்டத்தில் யாரும் பேசவில்லை. சகோதரியும் பேசவில்லை. கடைசியில் முதலாமவள், "எங்கம்மாச்சி இன்னும் இருக்காங்க. ஞாயிற்றுக்கிழமை வாயேன்" என்றாள்.

அவள் போனாள். எங்களில் மூவரும் உடன் போனோம். பாட்டி காப்பி கொடுத்துவிட்டு, "நீ யாரு பேத்தி?" என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "அவ நல்லாப் பாடுவாளே" என்றார். அந்தப் பாட்டி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் பாடுவார் என்பது பேத்திக்கு அன்றுதான் தெரியும்.

நவம்பர் 2 இல், இறந்தோர் நினைவுத் திருப்பலிக்காக நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் அந்தப் பாட்டியின் பெயருக்குக் கீழே வின்சென்ட் ஹார்டிங் என்றும் எழுதியிருந்தோம். பங்குத்தந்தை அவர் யாரென்று கேட்கவில்லை. இரண்டு பெயரையும் வாசித்தார்.