தேவ்நாரில் ஓர் எஞ்சின் பட்டறை

தேவ்நார் என்றவுடன் மும்பைவாழ் தமிழருக்கு இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1927 முதல் மாநகரின் குப்பையைச் சுமந்து குன்றாய் உயர்ந்துவிட்ட மேடு; மற்றொன்று, 1971-இல் அமைந்த இறைச்சிக்கூடம். கற்றோர் சிலர், 1954-இல் இங்குக் குடிபுகுந்த டாட்டா சமூக அறிவியல் கழகத்தையும் சேர்த்துச் சொல்வர். எஞ்சின் பட்டறை ஒன்றைக் காண்பதற்காகத் தேவ்நாருக்குச் செல்வோர் மிகச் சிலரே ஆவர். அச்சிலருள் நாங்களும் அண்மையில் சேர்ந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் தமையனார் மகன் எங்களுடன் மாதுங்காவில் தங்கிப் படித்து வருகிறான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், மோட்டார் எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் தொழிலைக் கற்கப்போவதாகச் சொன்னான். ஊரிலிருந்து தமையனார், "கையில் கரி படியாத வேலையாகப் பார்த்துச் சேர்த்துவிடு" என்று எழுதியிருந்தார். பிள்ளையின் ஆசை ஒரு பக்கம். பெற்றவரின் விருப்பம் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்ற நாங்கள், காணாத ஒன்றைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வது தகாது எனக் கருதி, ஒரு ஞாயிறு காலையில் அவனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

மாதுங்காவில் ரயிலேறி, குர்லாவில் இறங்கித் துறைமுக வழி வண்டிக்கு மாறினோம். இந்தக் குர்லாவிலேதான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை ஒரு காலத்தில் இயங்கியது. நம்மவர் "பியட்" என்றே அழைத்துப் பழகிய காரும், பின்னர் "பத்மினி" எனப் பெயர் பெற்ற கருப்பு மஞ்சள் டாக்சியும் அங்குப் பிறந்தவையே. திலக் நகர், செம்பூர் நிலையங்களைக் கடந்து கோவண்டியில் இறங்கி, தேவ்நாரை நோக்கி நடந்தோம். லாரிகளின் இரைச்சலும், பழைய இரும்புக் கடைகளும், டயர்க் குவியல்களும் வழியெங்கும் தொடர்ந்தன. ஒரு சந்தின் கோடியில், தகரக்கூரை வேய்ந்த பட்டறை இருந்தது.

பட்டறையின் சொந்தக்காரர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். இளமையிலேயே மும்பைக்கு வந்து, டாக்சிகளைச் செப்பனிடும் கொட்டகை ஒன்றில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். இன்று அறுபதைக் கடந்துவிட்டார். நாங்கள் "அண்ணாச்சி" என்று அழைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க அம்மா, வாங்க ஐயா" என்று வரவேற்று, பையனைப் பார்த்து, "தம்பி, செருப்பை வெளியே விட்டுவிட்டு வா; உள்ளே அளக்கிற இடம்" என்றார்.

எங்களுக்கு ஏற்பட்ட முதல் வியப்பு அதுவே. வாசலில் எண்ணெய்ச் சேறு. உள்ளறையிலோ வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் மைக்ரோமீட்டர்களும், டயல் கேஜும், சிறிய தராசு ஒன்றும் இருந்தன. பக்கத்தில் ஒரு பழைய பியட் எஞ்சினின் பிளாக், நான்கு சிலிண்டர்களும் வானை நோக்கக் கிடந்தது. பழைய கார்ப் பந்தயங்களில் ஆர்வமுள்ள ஒருவர், அதனை விரைவுக்கு ஏற்றதாக மாற்றித் தருமாறு ஒப்படைத்திருந்தார்.

அண்ணாச்சி ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு திசைகளில், ஆக ஆறு முறை அளந்து சிலேட்டில் எழுதினார். "ஒரு முறை அளந்தால் போதாதோ?" என்று கேட்டோம். போதாது என்பதை அவர் விளக்கினார். எரிவாயுவின் அழுத்தமும் வெப்பமும் சிலிண்டரின் மேற்பகுதியிலேயே மிகுதி. எண்ணெய் சென்று சேர்வதும் அங்கேதான் குறைவு. ஆகவே மேற்பகுதி முதலில் தேய்கிறது. பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்துவதால் வட்டமும் நாளடைவில் முட்டை வடிவாகிறது. கண்ணுக்கு வட்டமாய்த் தோன்றுவது கருவிக்கு வட்டமன்று. தேய்மானம் அளவு கடந்திருந்தால் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். இதையே ரீபோர் என்கிறார்கள்.

"அகலமாக்கினால் எஞ்சினின் வலுவும் கூடுமல்லவா?" என்று பையன் ஆவலுடன் கேட்டான். அண்ணாச்சி சிரித்துச் சிலேட்டை அவனிடம் நீட்டி, "நீயே கணக்குப் போடு தம்பி" என்றார். அந்த எஞ்சினின் விட்டம் 68 மில்லிமீட்டர்; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 75 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து 1,089 கன சென்டிமீட்டர் வருகிறது. விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினால் ஏறக்குறைய 1,105. கூடியது 16 மட்டுமே; நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. பள்ளியில் வேண்டாவெறுப்பாகக் கற்ற வட்டப் பரப்பின் கணக்கு, அங்கே உயிர் பெற்று நின்றதைக் கண்டோம்.

"விரைவு மூச்சில் இருக்கிறது" என்றார் அண்ணாச்சி. காற்றும் பெட்ரோலும் தடையின்றி உள்ளே வரவும், புகை தடையின்றி வெளியேறவும் ஹெட்டிலுள்ள வழிகளைத் தேய்த்து மென்மையாக்க வேண்டும். வால்வுகள் திறந்திருக்கும் நேரத்தைக் கேம் ஷாப்டை மாற்றி நீட்டிக்க வேண்டும். கார்புரேட்டரும் அதற்குத் தக்கதாக அமைய வேண்டும். பின்னர், ஹெட்டின் அடிப்பரப்பைச் சிறிது சீவி அழுத்த விகிதத்தை உயர்த்த வேண்டும். இந்த எஞ்சினில் எட்டுக்கு ஒன்றாக உள்ள விகிதத்தை ஒன்பதுக்கு ஒன்றாக்க, எரியும் அறையின் கொள்ளளவை 39 கன சென்டிமீட்டரிலிருந்து 34-க்குக் குறைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டியளவுதான் வேறுபாடு. ஆயினும் எல்லை மீறிச் சீவிவிட்டால் பெட்ரோல் நேரங்கெட்டு வெடித்து, பிஸ்டனின் தலையையே உடைத்துவிடும்.

தராசு எதற்கு என்பதையும் கேட்டறிந்தோம். நான்கு பிஸ்டன்களும் கனெக்டிங் ராடுகளும் ஒரே எடையில் இருக்க வேண்டுமாம். பந்தயத்தில் எஞ்சின் நிமிஷத்திற்கு 6,000 சுற்றுச் சுற்றுமானால், பிஸ்டன் ஒரு விநாடிக்குள் நூறு முறை மேலேறி நூறு முறை கீழிறங்குகிறது. அந்த வேகத்தில், ஒரு பிஸ்டன் மற்றவற்றினும் 10 கிராம் மிகுந்திருந்தால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுமார் 15 கிலோ எடைக்குச் சமமான வீண் இழுப்பு கிராங்க் ஷாப்டின்மேல் விழும். மளிகைக் கடையில் நாம் பொருட்படுத்தாத பத்துக் கிராம், இங்கே பகையாகி விடுகிறது.

தேநீர் வந்தது. அப்போது அண்ணாச்சி தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னார். தனியே தொழில் தொடங்கிய புதிதில், ஒரு டாக்சி ஓட்டுநரின் எஞ்சினை அவசரமாகப் பூட்டினார். பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே கால் மில்லிமீட்டரளவு இடைவெளி விடவேண்டும். சூட்டில் ரிங் விரிவதற்கு இடம் வேண்டுமே. புதிய ரிங்தானே என்று எண்ணி அளக்காமல் மாட்டிவிட்டார். மூன்றாம் நாள் ரிங்கின் முனைகள் முட்டி உடைந்து, சிலிண்டரைக் கீறிவிட்டன. மறுபடியும் செப்பனிட்டு முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. "எஞ்சினுக்குப் பணம் வாங்கவில்லை. ஆனால் பதினொரு நாளும் அவர் வீட்டில் உலை எப்படி வைத்தார்களோ! அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்" என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

பந்தய எஞ்சின்மேல் அவருக்கு நாட்டம் பிறந்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்குப் பந்தயங்களை நடத்தி வந்தது. குர்லாவில் பிறந்த பியட்டுகளும் அங்கே சீறிப் பாய்ந்தன. இளைஞராய் இருந்தபோது, ஊருக்குப் போகும் வழியில் அதனைக் கண்ட அண்ணாச்சிக்கு, தாம் அன்றாடம் கழற்றிப் பூட்டும் டாக்சி எஞ்சின் இத்தனை வேகம் கொள்ளுமா என்ற வியப்பு உண்டாயிற்றாம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே தனிப் பந்தயத்தடம் திறக்கப்பட்டது.

கோயம்புத்தூரின் பெருமையையும் அவர் மனமுவந்து பேசினார். பஞ்சாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்வதற்கெனத் தோன்றிய வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் அவ்வூரில் கைத்திறனை வளர்த்தன. அந்த மண்ணில் தோன்றிய எஸ். கரிவரதன், மாருதி காரின் சிறிய எஞ்சினைக் கொண்டே இந்தியாவில் பந்தயக் கார்களை உருவாக்கி, பொருள் மிகுதியில்லாத இளைஞரும் பந்தயத்துள் நுழைய வழி செய்தார். அவர் 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்திலுள்ள பந்தயத்தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரானார்.

இவ்வளவும் கேட்ட பின்பு, எங்கள் நெஞ்சிலிருந்த கேள்வியை மறைக்காமல் கேட்டோம்: "இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா, அண்ணாச்சி?"

அவர் பூசி மெழுகவில்லை. மும்பையில் கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவாயிற்று. இருபதாண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அவ்வினம் தெருவை விட்டு அகன்றது. அத்துடன் அவருடைய பட்டறைக்கு வந்த வேலையில் பாதி போயிற்று. மின்சாரக் கார்களோ பிஸ்டனே இல்லாதவை. "இதை நம்பி மட்டும் வா என்று பிள்ளையைக் கூப்பிட மாட்டேன். முதலில் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பை இரண்டு வருஷம் படிக்கட்டும். சனி, ஞாயிறு இங்கே வரட்டும். அளக்கக் கற்றுத் தருகிறேன். அளக்கத் தெரிந்தவனுக்கு எந்த இயந்திரமும் அந்நியமில்லை" என்றார்.

திரும்பும் வழியில் ரயிலில் பையன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் கழுவியும், நகக்கண்களில் கருமை ஒட்டிக்கொண்டிருந்தது. அதனை அவன் மறைக்கவில்லை.

அன்றிரவே தமையனாருக்குக் கடிதம் எழுதினோம். கையில் கரி படியும் என்பதை மறைக்காமல் எழுதினோம். தொழில் சுருங்கி வருவதையும் எழுதினோம். அந்தப் பதினொரு நாள் கதையை முழுமையாக எழுதி, இப்படி ஒருவரிடம் நம் பிள்ளை இரண்டு ஆண்டு பழகுவது நன்று என்பது எங்கள் கருத்தென்று முடித்தோம். பத்து நாளில் பதில் வந்தது. அதில் ஒரே வரி: "சேர்த்துவிடு, ஐ.டி.ஐ. கட்டணத்தை நான் அனுப்புகிறேன்."