அளவுகோலுக்கு எட்டாத பிள்ளைகள்

மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகும் குழந்தை ஒன்று இருக்குமானால், அந்த வீட்டில் சில மாதங்களுக்குப் பேச்செல்லாம் டகோமா பார்க் நடுநிலைப் பள்ளியைப் பற்றியதாகவே இருக்கும். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் விசேஷத் திறமையுள்ள குழந்தைகளைச் சுற்றுவட்டாரத்திலிருந்து திரட்டி, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அவர்கள் புத்திக்கேற்ற பாடத்தை நடத்துகிற பள்ளி அது. பெசன்ட் நகரில், அஷ்டலட்சுமி கோயிலின் மணியோசை எட்டும் தூரத்தில் வளர்ந்து, வேலையின் பொருட்டு இங்கே வந்து, இங்கேயே பிள்ளைகளையும் வளர்த்த எனக்கு, அரசாங்கப் பள்ளியிலேயே இப்படி ஓர் ஏற்பாடு உண்டு என்பது முதலில் வியப்பாகவும், பின்னர் நீண்ட யோசனைக்குரிய விஷயமாகவும் அமைந்தது.

இந்த யோசனைக்கு விதை ஊன்றிய சம்பவம் எங்கள் பக்கத்து நகரமாகிய பால்டிமோரில் நடந்தது. 1968ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரான ஜூலியன் ஸ்டான்லி, ஜோசப் பேட்ஸ் என்னும் 12 வயதுச் சிறுவனைச் சந்தித்தார். பள்ளிக் கணக்கெல்லாம் அவனுக்குச் சலித்துப்போயிருந்தது. கல்லூரியில் சேர விரும்பும் பெரிய மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சையை ஸ்டான்லி அவனுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிறுவன் அதில் நன்றாகத் தேறி, 13ஆம் பிராயத்திலேயே பல்கலைக்கழக மாணவனானான். அந்த அனுபவத்தைப் பின்பற்றி 1972ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 12 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 450 பிள்ளைகளுக்கு ஸ்டான்லி அதே பரீட்சையின் கணிதப் பகுதியை வைத்தார். வகுப்புப் பரீட்சையில் முதலிடத்தில் நின்றவர்களாக ஒரே மாதிரி தோற்றமளித்த பிள்ளைகள், இந்தக் கடினமான பரீட்சையில் ஒருவருக்கொருவர் வெகு தூரம் வேறுபட்டு நின்றார்கள். வகுப்புப் பரீட்சை என்கிற அளவுகோல் குட்டையானது. அதன் உச்சியைத் தொட்டவன் அதற்கு மேல் ஒரு சாண் வளர்ந்திருக்கிறானா, ஓர் ஆள் உயரம் வளர்ந்திருக்கிறானா என்று அது சொல்லாது.

இதைப் படித்தபோது எனக்குக் கும்பகோணம் நினைவுக்கு வந்தது. 1904ஆம் ஆண்டில் டவுன் ஹைஸ்கூலின் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர், கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை ராமானுஜனுக்கு வழங்கியபொழுது, முழு மதிப்பெண்ணுக்கும் அதிகமாகப் பெறத் தகுதியுள்ள மாணவன் என்று சபையில் அறிமுகம் செய்தார். ஸ்டான்லி பல ஆண்டுகள் ஆராய்ந்து நிலைநாட்டிய உண்மையை அந்தத் தமிழ்நாட்டு உபாத்தியாயர் தம் வகுப்பறையிலேயே கண்டுகொண்டிருந்தார். ஆயினும் அதே மாணவனுக்கு, பள்ளிப் பருவத்தில் லோனியின் திரிகோணமிதி நூல் கிடைத்தது பாடத்திட்டத்தினால் அன்று. அவன் வீட்டில் குடியிருந்த கல்லூரி மாணவர்களின் கையில் அது இருந்ததனால். பிறகு கணிதம் தவிர ஏனைய பாடங்களில் தவறியதற்காகக் கல்லூரி அவனுடைய உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிட்டது. தற்செயலாகக் கிடைத்த ஒரு புத்தகத்தின் பேரில் ஒரு மேதையின் வாழ்வு நின்றது என்றால், அந்தத் தற்செயல் வாய்க்காத எத்தனை குழந்தைகள் நமக்குத் தெரியாமலே போயிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

யாரைத் தேடுவது என்பதில்தான் இந்நாட்டின் அனுபவம் எனக்குப் பெரிய பாடமாயிற்று. ஃபுளோரிடாவின் பெரிய பள்ளி வட்டாரம் ஒன்றில், ஆசிரியரோ பெற்றோரோ சிபாரிசு செய்த குழந்தைகளை மட்டுமே நெடுங்காலம் சோதித்து வந்தார்கள். 2005ஆம் ஆண்டு முதல் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் ஒரு பூர்வாங்கச் சோதனை வைத்தார்கள். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்னும் பொருளாதார அறிஞர்கள் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, திறமையாளர்களாகக் கண்டறியப்பட்ட கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் 80 சதவீதமும், ஸ்பானிய வழிக் குழந்தைகளின் விகிதம் 130 சதவீதமும் உயர்ந்தது. குழந்தைகள் மாறவில்லை, கேட்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகளை மட்டும் பார்த்துவந்த கண் எல்லாரையும் பார்த்தது, அவ்வளவுதான். பணமுடை வந்து அந்தச் சோதனை நின்றபோது பழைய நிலையே திரும்பிற்று.

எங்கள் கவுண்டியிலும் பெற்றோர் விண்ணப்பிக்காமலே குழந்தைகளின் தகுதியைப் பரிசீலிக்கும் முறை வந்தது. கொரோனாக் காலத்தில், தகுதி பெற்றவர்களிடையே குலுக்கலும் வந்தது. நம்மவர்களிடையே இதனால் எழுந்த மனக்கசப்பு கொஞ்சமன்று. பல ஆண்டுகள் உழைத்த பிள்ளைக்கு இடம் கிடைக்காத வேதனையை நான் குறைத்து மதிக்கவில்லை. இடங்கள் சொற்பமாக இருப்பதே அந்த வேதனைக்கு மூலகாரணம், அவற்றைப் பெருக்குவதே நியாயமான பரிகாரம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் சனி ஞாயிறு முழுவதும் பயிற்சி வகுப்புகளில் ஏழாம் வகுப்புக் கணக்கை ஐந்தாம் வகுப்பிலேயே திணிப்பதைத் திறமைக்குச் செய்யும் உதவி என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. சென்னையில் ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று தொடங்கிவிடுகிற வழக்கமும் இதே இனத்தைச் சேர்ந்தது.

பத்துக் கணக்கை மற்றவர்களுக்கு முன்னே முடித்துவிட்ட குழந்தைக்கு அதே ஜாதிக் கணக்குகள் இன்னும் பத்தைக் கொடுப்பது கிட்டத்தட்டத் தண்டனை. நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர், 1949இல் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் அறிவித்த விந்தையை எண்ணிப் பாருங்கள். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நாலிலக்க எண். அதன் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடியும் அவ்வாறே செய்ய வேண்டும். 3524 என்று தொடங்கினால் 3087, பிறகு 8352, பிறகு 6174. அதற்குமேல் எத்தனை முறை கழித்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் அங்கே வந்து நிற்கும். கழித்தல் தெரிந்த குழந்தை எதுவும் இதில் இறங்கலாம். மூன்றிலக்கத்தில் ஏன் 495 வருகிறது, ஒவ்வொரு விடையும் ஏன் ஒன்பதால் வகுபடுகிறது என்று கேட்கத் தொடங்குகிற குழந்தை யார் என்பது தானே வெளிப்படும். 1965இல் தோன்றித் திருவல்லிக்கேணியிலிருந்து தொண்டாற்றும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், தன் தேசியத் திறனறிப் போட்டியில் ஏழு, எட்டாம் வகுப்பினருக்குரிய பிரிவுக்குக் காப்ரேகரின் பெயரையே வைத்திருக்கிறது. முத்தியால்பேட்டைப் பள்ளியில் ஆசிரியராயிருந்து, ராமானுஜனின் கடிதங்களைச் சிரமப்பட்டுத் திரட்டி 1968இல் வெளியிட்ட பி.கே.சீனிவாசன், குழந்தைகளுக்குக் கணிதத்தின் இன்பத்தைக் காட்டுவதையே வாழ்நாள் விரதமாகக் கொண்டிருந்தார். அமெரிக்காவைப் பார்த்து நாம் ஆரம்பிக்க வேண்டிய காரியமன்று இது.

பெசன்ட் நகருக்குச் செல்லும்போதெல்லாம் ஆல்காட் நினைவுப் பள்ளியின் வழியாக நடப்பது என் வழக்கம். ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் குழந்தைகளுக்கென்று கர்னல் ஆல்காட் 1894இல் தொடங்கிய இலவசக் கல்விப் பணியின் தொடர்ச்சி அது. ஊரூர் குப்பத்துப் பிள்ளைகள் வளரும் இடத்திலிருந்து தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் சில கிலோமீட்டர் தூரமே. ஆயினும் அந்தத் தூரத்தைக் கடக்கும் வழியை அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எட்டாம் வகுப்பில் நடக்கும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் வெற்றி பெறும் ஏழைக் குழந்தைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. படிப்பு நின்றுபோகாமல் காக்கும் பேருபகாரம் அது. ஆனால் அறிவுப் பசிக்குத் தீனி அந்தத் தொகையால் கிடைப்பதில்லை.

உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் என் தங்கையிடம், சென்றமுறை இதையெல்லாம் சொல்லி, சனிக்கிழமை காலைகளில் ஆர்வமுள்ள பிள்ளைகளை மட்டும் வரவழைக்கலாமே என்றேன்.

“சனிக்கிழமை வேண்டாம் அண்ணா. பையன்கள் வருவாங்க. பெண் பிள்ளைகளைத் தண்ணி பிடிக்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கவும் வீட்டிலே நிறுத்திடுவாங்க. கெட்டிக்காரப் பெண்கள் நாலு பேர் இருக்காங்க, ஒருத்தியும் வரமாட்டா. ஸ்கூல் நேரத்துக்குள்ளேயே வைக்கணும். ஆர்வமுள்ளவங்கன்னு இப்பவே பிரிக்கவும் வேண்டாம்” என்றாள்.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடை வகுப்பு முழுவதற்கும் இப்படிப்பட்ட கணக்குகளுக்காக ஒதுக்க அனுமதி கேட்டுத் தலைமையாசிரியருக்கு அவள் அன்றிரவே ஒரு கடிதம் எழுதினாள். சங்கத்தின் பழைய வினாத்தாள்களிலிருந்து முதல் மாதத்துக்கு வேண்டியவற்றை இருவருமாகத் தேர்ந்தெடுத்தோம்.