சொல்லுக்கு இடம்

சொல்லை எழுதுவது ஒன்று. அதற்கு இடம் வகுப்பது வேறொன்று. கணினித் திரையிலே சொற்களை வரைய முற்பட்ட கலைப்பீட மாணவி ஒருத்தி இதனை ஓர் இழப்பின் மூலமே கற்றுக்கொண்டாள்.

கிராமத்து முதியோரிடம் கேட்ட வழக்குச் சொற்களை நேரே பதிந்து வைப்பதற்கு அவள் சிறு நிரலொன்றை ஆக்கியிருந்தாள். அதனை மூடும்போது 'அழி', 'அழிக்காதே' என இரு பொத்தான்கள் தோன்றும். இரண்டுக்கும் ஒரே அகலம். இடம் போதாமையால் இரண்டாவது பொத்தானிலும் 'அழி' என்னும் பகுதி மாத்திரமே தெரிந்தது. தமிழில் ஏவலை மறுக்கும் உறுப்பு சொல்லின் இறுதியிலே வருகின்றது. அது அறுபடின் விலக்கு ஏவலாகிவிடும். பதிவதற்கு உதவிய தோழி தயங்கி ஒன்றை அழுத்தினாள். ஒரு மாலைப்பொழுதின் உழைப்பு மறைந்துபோயிற்று.

எழுத்துக்களை எண்ணி அகலத்தைக் கணிக்கலாம் என மாணவி முதலிற் கருதினாள். ஆனால், எதனை எண்ணுவது? 'அழிக்காதே' என்பதில் இலக்கணப்படி எழுத்துக்கள் 5. ஒருங்குறியிலோ குறியீடுகள் 9. மெய்யின் புள்ளி பக்கவாட்டில் இடங்கொள்வதில்லை. தகரத்துக்குப் பின்னே சேமிக்கப்படும் ஏகாரக் குறி, திரையில் அதற்கு முன்னே வரையப்படுகின்றது. எனவே, எண்ணிக்கை அகலமாகாது. குறித்த எழுத்துருவில் அச்சொல் கொள்ளும் அகலத்தை வரைகருவியிடமே கேட்டறிதல் வேண்டும். 1984 இல் வெளிவந்த மக்கின்டோஷ் கணினியிலேயே இதற்கெனத் தனிச் செயல்கள் இருந்தன.

அகலம் தெரிந்தபின் கணக்கு எளிது. பொத்தான் 120 படப்புள்ளி, சொல் 84 எனின், எஞ்சும் 36 இன் பாதியாகிய 18 ஐ இடப்புறம் விட்டால் சொல் நடுவே அமையும். உயரமும் அளக்கப்படல் வேண்டும். கொப்பியின் கோட்டில் எழுதுவதுபோலத் திரையிலும் எழுத்துக்கள் ஒரு கற்பனைக் கோட்டிலேயே நிற்கின்றன. அதன் மேலே இடம் குறையின் புள்ளி நறுக்குண்டு 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். கீழே குறையின் ழகரத்தின் கால் மறையும்.

இப்பொழுது அவளது நிரல் முதலிற் சொல்லை அளக்கின்றது. அதன் பின்னரே பொத்தானை வரைகின்றது. இழந்த சொற்களைத் தேடி அவள் மீண்டும் அம்முதியோரிடம் சென்றாள். சில கிடைத்தன, சில அவர்களுக்கும் நினைவில் வரவில்லை.