95 டிகிரி

போட்டோ பேப்பர் விற்ற கடைக்காரர்மேல் பழி போட்டேன். அவர் கொடுத்த கலர் பேப்பர் நாள்பட்டது, எங்கேயோ சூட்டில் கிடந்தது என்று கடையில் நாலு பேர் நிற்கும்போதே சத்தம் போட்டேன். மனிதர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பரவாயில்லை சார், இதைக் கொண்டுபோங்க" என்று காசு வாங்காமல் வேறு பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். பேப்பரில் ஒரு குறையும் இல்லை.

தொண்ணூறுகளில், திருச்சியில், வீட்டுக் குளியலறையை அடைத்து இருட்டாக்கிக் கலர் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கறுப்பு வெள்ளை கழுவிப் பழக்கம். அதில் டெவலப்பர் இரண்டு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் ஒப்பேற்றிவிடலாம். சிவப்பு விளக்கில் டிரேயைப் பார்த்துக்கொண்டே இருந்து, படம் வந்ததும் எடுத்துவிடலாம். கலருக்கான ஆர்ஏ-4 முறையில் அந்தச் சலுகை இல்லை. 35 டிகிரி செல்சியஸில் டெவலப்பர் 45 விநாடி, படத்தை நிலைநிறுத்தும் ப்ளிக்ஸ் 45 விநாடி. பேப்பர் மூடிய டிரம்முக்குள் உருண்டுகொண்டிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வழியில்லை. நம்புவதற்கு இருப்பது தெர்மாமீட்டர் மட்டும்தான்.

என்னிடம் இருந்தது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். 35 டிகிரி என்பது பாரன்ஹீட்டில் 95. அந்தக் கோடு அதில் இருந்தது, எனக்கு அது போதும் என்று பட்டது. வெந்நீர் வாளிக்குள் டெவலப்பர் பாட்டிலை வைத்து, பாதரசம் 95-ஐத் தொட்டதும் வெளியே எடுத்துவிடுவேன். அடுத்த பிரிண்டுக்கு மறுபடி முக்கிப் பார்ப்பேன். 95. அதற்கடுத்ததற்கும் 95. உதறாவிட்டால் அந்தப் பாதரசம் இறங்காது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? உதறிப் பார்த்தால் 88 இருக்கலாம், 85 இருக்கலாம். அவ்வளவு கீழே காட்ட அந்தக் கருவியில் கோடுகூடக் கிடையாது. அப்புறம் மறுபடி வெந்நீர் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். உதறாமல் விட்டதற்கு அதுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

போதாததற்கு அளவும் சிறியது. எட்டுக்குப் பத்து அங்குல பேப்பர் ஒன்றுக்கு டிரம்மில் ஊற்றுவது ஏறத்தாழ 70 மில்லி. மார்கழி ராத்திரியில் சில்லென்று கிடக்கும் பிளாஸ்டிக் டிரம்முக்குள் அதை ஊற்றினால் பட்ட கணத்திலேயே சூடு போய்விடும். முதலில் டிரம்முக்குள் வெதுவெதுப்பான நீரை விட்டு உருட்டிக் கொட்ட வேண்டும், பாட்டில்களைப் பெரிய தொட்டி நீரிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். படித்திருந்தேன். செய்யவில்லை.

கலர் பேப்பரில் மஞ்சள் சாயம் உண்டாகும் அடுக்குதான் அடியில் இருக்கிறது. டெவலப்பர் மற்ற இரண்டையும் கடந்து அங்கே போய்ச் சேர வேண்டும். சூடு குறைந்தால் 45 விநாடிக்குள் அங்கே வேலை முடியாது. மஞ்சள் குறைந்துபோய், கறுப்பாக விழ வேண்டிய இடமெல்லாம் நீலம் பாய்ந்து நிற்கும். நான் என்லார்ஜரில் மஞ்சள் பில்டரைக் குறைத்தேன். படத்திலிருந்த கூந்தல் கொஞ்சம் கறுத்தது. முகம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல ஆயிற்று. முகத்தைச் சரிசெய்தால் கூந்தல் மறுபடி நீலம். பில்டரால் தீர்க்கவே முடியாத கோளாறு அது. பேப்பரை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

இதைவிடக் கூச்சம் தருவது சித்திரை மாதத்துப் பெருமை. அப்போது போட்ட பிரிண்டுகள் அருமையாக வந்தன. பார்த்தவர்களிடம், "எல்லாம் கைப்பழக்கம்" என்று சொல்லிக்கொண்டேன். மொட்டைமாடித் தொட்டி நீரே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் குழாயில் வந்தது. அறையும் டிரம்மும் அதே சூடு. வேலை பார்த்தது திருச்சி வெயில், பேர் வாங்கியது நான்.

ஒருநாள் கதவிடுக்கில் நின்று பார்த்த மனைவி, "என்னங்க, உதறாமலே வைக்கிறீங்க?" என்று கேட்டாள். "இது மருந்துக்கு வேற கணக்கு" என்றேன். அடுத்த வாரம், அவளுக்குத் தெரியாமல், ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையில் நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கினேன். துணி ஊறவைக்கும் தொட்டி பாட்டில்களுக்கு ஆனது. நீலம் போய்விட்டது.

கடைக்காரரிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் அவரிடம்தான் பேப்பர் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் பாக்கெட்டில் உள்ள தேதியை என்னிடம் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். நானும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கவனமாகப் படிப்பேன்.

கிழிக்காமல் தப்பிய ஒரு நீலப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மருமகனின் நண்பர் ஒருவர், சினிமாவில் கேமரா உதவியாளர், போன பொங்கலுக்கு வந்தபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, "நிழலை வேணும்னே நீலமா விட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.