அம்மாவுக்கும் லீவு

எங்கே டூர் போனாலும் எங்க அம்மா ஸ்டவ்வும் குக்கரும் தூக்கிட்டுத்தான் வருவாங்க. கறி ஹலாலா என்று கடை கடையாகக் கேட்க அத்தாவுக்குக் கூச்சம். அதனால் முழாண்டு லீவுக்கு நானே ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். ஒரு வாரம் கோழிக்கோடு! கோவையிலிருந்து பாலக்காடு வழியாக ரயில் இருக்கு. அங்கே ஹலால் ஓட்டலைத் தேடி அலைய வேண்டாம். காலையில் பத்திரி, மதியம் பிரியாணி.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். குளத்தங்கரையில் மரவேலைப்பாடு நிறைந்த மிஷ்கால் பள்ளிவாசல், 1498-ல் வாஸ்கோடகாமா வந்திறங்கிய காப்பாடு, 'உரு' என்னும் மரக்கப்பல் கட்டும் பேப்பூர், அல்வாவுக்கு மிட்டாய்த்தெரு. ஜூனில் மழை வந்துடும், அதுக்குள்ளே போகணும். சாயங்காலம் கடற்கரையில் அம்மா சும்மா உட்கார்ந்திருக்கணும். அதைத்தான் நான் பார்க்கணும்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி