விதைநெல்லும் பந்தெறிவாளனும்

பசித்த வீட்டில் விதைநெல்லைக் குற்றி உலையிலிடுவதா, கடன்பட்டு அரிசி வாங்குவதா என்னும் வினா உழவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க பேஸ்போல் அணிகளை நடத்துவோரும் ஆட்டமில்லாக் குளிர்காலந்தோறும் இவ்வினாவின் முன் நிற்கின்றனர். கீழ்நிலை அணிகளில் வளரும் இளைஞரே அவர்களது விதைநெல். தேறிய பந்தெறிவாளனே அரிசி.

பொஸ்ரன் ரெட் சொக்ஸ் அணி 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் தன் பிரிவில் கடைசியாக வந்தது. 2015 ஓகஸ்ற்றில் பொறுப்பேற்ற டேவ் டொம்பிரோவ்ஸ்கி முதலிற் பணத்தையே நாடினார். அவ்வாண்டு டிசெம்பரில் டேவிட் பிரைஸ் ஏழு ஆண்டுகளுக்கு 217 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தமானார். அப்போது அவருக்கு வயது முப்பது. எறிபவன் தோள் ஏழாண்டு தாங்குமோ தாங்காதோ, பணம் ஏழாண்டும் கொடுபட்டேயாக வேண்டும்.

அடுத்த டிசெம்பரில் அவர் மறுவழியை மேற்கொண்டார். சிக்காகோ வைட் சொக்ஸிடமிருந்து கிறிஸ் சேலைப் பெறுவதற்கு நான்கு இளைஞர் கொடுக்கப்பட்டனர். அவர்களுள் யோன் மொன்காடாவுக்கு வயது 21. மைக்கல் கோப்பெக்குக்கு 20. சேலின் அடுத்த ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 12 மில்லியன் டொலரே. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது மலிவு. ஆனால், கியூபாவிலிருந்து வந்த மொன்காடாவுக்கு 2015 இல் 31.5 மில்லியன் டொலர் கொடுத்த பொஸ்ரன், ஏறக்குறைய அதே தொகையைத் தண்டமாகவும் செலுத்தியிருந்தது. விதைநெல்லும் காசுக்கு வாங்கியதே! பணமா இளைஞரா என்று இரண்டாகப் பிரித்து வாதிடுவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர். கைமாற்றப்படும் இளைஞரின் சம்மதம் வேண்டப்படுவதில்லை என்பதையுந்தான். பத்தாண்டு ஆடி, அவற்றுள் இறுதி ஐந்தாண்டை ஒரே அணியிற் கழித்தோர்க்கே மறுக்கும் உரிமையை விதி வழங்குகிறது.

2017 இல் சேல் 308 பேரை ஸ்றைக்குகளால் வெளியேற்றினார். 2018 இல் அணி 108 ஆட்டங்களை வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது. இறுதி ஆட்டத்தில் ஏழு இனிங்ஸ் எறிந்தவர் பிரைஸ். கடைசி ஆட்டக்காரனை வெளியேற்றியவர் சேல். இரு வழிகளும் ஒரே இரவிற் பலித்தன.

கடன் பின்னர் வந்தது. 2019 செப்ரெம்பரில் டொம்பிரோவ்ஸ்கி நீக்கப்பட்டார். 2020 இல் பிரைஸ், அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரான முக்கி பெற்ஸுடன் லொஸ் ஏஞ்சலீஸுக்கு அனுப்பப்பட்டார்; பிரைஸின் எஞ்சிய சம்பளத்திற் பாதியைப் பொஸ்ரனே ஏற்க நேர்ந்தது. அதே ஆண்டிற் சேலின் முழங்கையில் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. உண்மையில், கொடுத்த நெல்லை விட ஊற்றிய பணமே பொஸ்ரனை வருத்தியது எனலாம். மொன்காடாவும் கோப்பெக்கும் அஞ்சிய அளவுக்கு ஓங்கி வளரவில்லை. வேடிக்கை யாதெனில், 2023 இன் இறுதியில் அற்லான்ராவுக்குக் கைமாற்றப்பட்ட சேல், மறு ஆண்டே சை யங் விருதை வென்றார்.

2024 டிசெம்பரில் பொஸ்ரன் மீண்டும் அதே வைட் சொக்ஸிடம் சென்றது. நான்கு இளைஞரைக் கொடுத்து, கரற் குறொஷே என்னும் இடக்கைப் பந்தெறிவாளரைப் பெற்றது. சில மாதங்களில் அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கென 170 மில்லியன் டொலரையும் எழுதிக் கொடுத்தது.